சாம்பிராணிப் புகை முதல் சாம்பல் காற்று வரை: டாக்டரம்மா பதில்கள்

கருவுற்றிருப்பவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் புகை, தண்ணீர், காற்று பற்றிக் கேட்க நினைப்பதை எழுதுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்தன. பாதிக்கு மேற்பட்ட கடிதங்களில் ஏதோ ஒரு மூலையில் ஒரே கேள்விதான் இருந்தது: "நான் ஏதாவது தப்புப் பண்ணிவிட்டேனா டாக்டர்?" அதற்கு மட்டும் முதலிலேயே எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. காற்றைக் கெடுத்தது நீங்கள் இல்லை, தண்ணீரைக் கெடுத்ததும் நீங்கள் இல்லை. உங்கள் கையில் இருப்பது கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கையில் இல்லாதது எது என்பதையும் சொல்கிறேன்.

குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகிறது. தலைக்கு ஊற்றியதும் என் மாமியார் சாம்பிராணி போட்டு அதன் மேல் குழந்தையைக் காட்டுகிறார். ராத்திரி கொசுவத்திச் சுருளும் உண்டு. வேண்டாம் என்றால், "உன் புருஷனையும் இப்படித்தானே வளர்த்தேன்" என்கிறார். யார் சொல்வது சரி?
— கும்பகோணம் வாசகி

நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் இதை வைத்து வீட்டில் சண்டை வேண்டாம். என் மகன் பிறந்தபோது என் அம்மாவும் இப்படித்தான் காட்டினார், நான் டாக்டருக்குப் படித்து முடித்திருந்தும் பேசாமல் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அந்தக் காலத்தில் ஈரத்தலை சீக்கிரம் காய வேண்டும், சளி பிடிக்கக் கூடாது என்ற அக்கறையில் வந்த பழக்கம் அது, அதில் பாசம்தான் இருக்கிறது. ஆனால் பிறந்த குழந்தை ஒரு நிமிஷத்துக்கு 40 முதல் 60 முறை மூச்சு விடும். நாம் விடுவது 12 முதல் 20. அதன் மூச்சுக்குழாயோ நம்முடையதைவிட எவ்வளவோ குறுகல். அதே அறையில் அதே புகை என்றாலும் உங்கள் மாமியாருக்குப் போவது வேறு, குழந்தைக்குப் போவது வேறு. கரித்துண்டில் போட்டாலும் சரி, இப்போது கடையில் விற்கிற கப் சாம்பிராணியானாலும் சரி, நுரையீரலுக்குப் புகை புகைதான்.

கொசுவத்தி இன்னும் மோசம். ஒரு முழுச் சுருள் எரிந்து தீரும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வரை எரிவதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, ராத்திரி முழுக்க, தொட்டிலுக்குக் கீழே வைக்கிற வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். கொசுக்கடியும் சின்ன விஷயம் இல்லை, டெங்கு இருக்கிற ஊர் நம் ஊர், அதனால் வலை கட்டுங்கள். பச்சைக் குழந்தைக்குக் குடை மாதிரி விரிக்கிற வலை சந்தையிலேயே கிடைக்கும். மாமியாரிடம், "சாம்பிராணியை சாமி அறையில் போடுங்கள் அத்தை, புகை அடங்கினதும் பிள்ளையைக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். தலையைப் பருத்தித் துண்டால் நன்றாகத் துவட்டினாலே போதும், காய்ந்துவிடும்.

எனக்கு இது ஐந்தாம் மாதம். வீட்டில் கேஸ் இருக்கிறது, ஆனால் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று வெந்நீரும் சோறும் விறகடுப்பில்தான். குழந்தைக்கு ஆகாது என்று நர்ஸ் அக்கா சொல்கிறார். எங்கள் அம்மா நாலு பிள்ளை பெற்றதும் இதே அடுப்பில் சமைத்துத்தானே?
— திண்டிவனம் பக்கத்து வாசகி

நர்ஸ் அக்கா சொல்வதைக் கேளுங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மாவட்டத்துப் பெண்களே இந்தக் கேள்விக்குப் பதில் தேட உதவியிருக்கிறார்கள்.

விறகுப் புகையில் கண்ணுக்குத் தெரிகிற கரி அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள்தான் நுரையீரலின் அடிவரை போய் ரத்தத்தில் கலக்கிறது. பெல்ஜியத்தில் 2019-ல் ஆராய்ச்சியாளர்கள் நஞ்சுக்கொடியைச் சோதித்தபோது, தாயின் பக்கத்தில் மட்டுமல்ல, குழந்தையின் பக்கத்திலும் கரித்துகள் இருந்தது. அம்மா இழுத்த மூச்சு அதுவரை போகிறது. தமிழ்நாட்டிலேயே, சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். காற்றில் நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் பிறப்பு எடை 4 கிராம் குறைகிறது. 4 கிராம்தானே என்று தோன்றும். புகை மண்டிய சமையலறையில் கூடுவது 10 இல்லை, பல நூறு வரை போகும். ஏற்கெனவே இரண்டரைக் கிலோவை ஒட்டிப் பிறக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்குதான்.

சரி, இதோடு நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும். அப்புறம் இன்னொரு பெரிய ஆய்வு நடந்தது. நம் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளோடு குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளையும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். விறகிலேயே சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் ஏறக்குறைய 70 மைக்ரோகிராம், கேஸ் கிடைத்தவர்களுக்கு 24தான். ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2022-ல் அந்த முடிவைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அந்தப் பெண்கள் ஆய்வில் சேர்ந்தது 9 முதல் 20 வாரத்துக்குள், அதற்குப் பிறகுதான் அடுப்பு கைக்கு வந்தது, அதாவது கருவின் முதல் வாரங்கள் பழைய புகையிலேயே கழிந்துவிட்டன. என்னைக் கேட்டால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பேன். கல்யாணம் ஆன நாளிலிருந்தே கேஸ் வேண்டும், வயிறு தெரிந்த பிறகு அல்ல. மற்றபடி உங்கள் கண்ணெரிச்சலும் இருமலும் குறைவதற்கே இந்த மாற்றம் தகும், உங்கள் நுரையீரலும் ஒரு நுரையீரல்தானே.

ஆகவே சோறு, குழம்பு எல்லாம் கேஸில். வெந்நீருக்கு மட்டும் விறகு என்றால் அடுப்பு வாசலுக்குப் போகட்டும், மூட்டுவது வேறு யாராவது ஆகட்டும், உங்கள் வீட்டுக்காரருக்கும் கை இருக்கிறது. பாலிதீன் பையைக் கொளுத்தித் தீ மூட்டுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம், பிளாஸ்டிக் புகையில் டையாக்சின் மாதிரியான நஞ்சு வருகிறது, விறகுப் புகை அதற்கு எவ்வளவோ தேவலை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி கைக்கு வரும்போது அதில் முதல் செலவாக சிலிண்டரை எழுதுங்கள். அந்தப் பணம் உங்களுக்கும் குழந்தைக்கும் வருவது, வீட்டுக் கடனுக்கு அல்ல. அம்மா நாலு பெற்றார் என்பதற்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன், உங்கள் அம்மாவுக்கு இப்போது மூச்சு எப்படி இருக்கிறது?

மகள் பிள்ளை பெற்று பத்து நாள் ஆகிறது. பால் சுரக்க பால் சுறாப் புட்டு செய்து கொடுக்கிறேன். மீனில் பாதரசம், கொடுக்காதே என்கிறான் கல்லூரியில் படிக்கும் பேரன். மீனே கொடுக்காமல் பிள்ளைத்தாய்ச்சியை எப்படித் தேற்றுவது?
— தூத்துக்குடி வாசகி

மீன் கட்டாயம் கொடுங்கள் அக்கா. பேரன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, ஆனால் அது எல்லா மீனுக்கும் பொருந்தாது.

நிலக்கரி எங்கே எரிந்தாலும் அதிலிருந்து கொஞ்சம் பாதரசம் காற்றில் போய், கடைசியில் தண்ணீரில் இறங்குகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சின்ன மீனில் துளி, சின்ன மீனைத் தின்கிற மீனில் அதைவிட அதிகம், அதையும் தின்று பல வருஷம் வாழ்கிற பெரிய சுறாவில் மொத்தமும் சேர்ந்துவிடும். கழுவினாலும் வேகவைத்தாலும் அது போகாது, சதையோடு ஒட்டியிருக்கிறது.

இதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவ ஊரின் தாய்மார்கள். சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்டது, ஊர் மக்கள் அந்த மீனைச் சாப்பிட்டார்கள், 1956-ல் நோய் அதிகாரபூர்வமாக வெளியே தெரிந்தது. பெரியவர்களுக்குக் கை கால் நடுங்கியது, பேச்சுக் குழறியது. அதே நேரத்தில், பெரிதாக ஒன்றும் இல்லாத தாய்மாருக்குக் கழுத்து நிற்காத, நடக்க முடியாத குழந்தைகள் பிறந்தன. நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துவிடும் என்றுதான் அன்றைக்கு மருத்துவம் நம்பியது. தடுக்கவில்லை, தாயின் உடம்பில் இருந்த பாதரசம் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை டாக்டர் மசாசுமி ஹரதா போன்றவர்கள் அந்தத் தாய்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். அங்கேயும் நம்மைப் போலவே காய்ந்த தொப்புள்கொடியைப் பத்திரப்படுத்தி வைக்கும் வழக்கம் உண்டு. நாம் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுகிறோம், அவர்கள் சின்ன மரப்பெட்டியில் வைக்கிறார்கள். அந்தப் பெட்டிகளில் இருந்த கொடிகளைச் சோதித்து, எந்த வருஷம் பிறந்த குழந்தைக்கு எவ்வளவு பாதரசம் போனது என்று பின்னால் கணக்கெடுக்க முடிந்தது. இதை எப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நம் கடல் மினமாட்டா இல்லை, பயப்பட வேண்டாம். சின்னப் பால் சுறாக் குட்டியில் பெரிய சுறாவில் இருக்கிற அளவு சேர்ந்திருக்காது, என்றைக்காவது ஒரு நாள் புட்டு வைத்தால் குற்றமில்லை. தினமும் வேண்டாம். பெரிய சுறா, பெரிய சீலா (வஞ்சிரம்), சூரை எல்லாம் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் தள்ளி வையுங்கள். சாளை, நெத்திலி, காரல் தாராளமாகக் கொடுங்கள். காரல் குழம்பு பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லது என்று உங்கள் பக்கத்துப் பெரியவர்களே சொல்வார்கள், குழந்தையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பு இந்தச் சின்ன மீனில்தான் நிறைய, விலையும் குறைவு. பால் சுரப்பது மீனால் மட்டும் அல்ல, குழந்தை அடிக்கடி சப்புவதால்தான். அதற்கு மகளுக்குத் தூக்கமும் நிம்மதியும் கொடுங்கள்.

தாய்ப்பாலிலேயே பூச்சிமருந்து இருக்கிறதாம். படித்ததிலிருந்து பால் கொடுக்கவே கை நடுங்குகிறது. மாவுப்பாலுக்கு மாறிவிடவா?
— பெயர் சொல்ல விரும்பாத வாசகி

மாறாதீர்கள். தாய்ப்பாலில் கொழுப்பு உண்டு, டி.டி.டி. மாதிரி மருந்துகள் கொழுப்பில் சேர்கின்றன, சோதிக்கச் சுலபம் என்பதால் ஆராய்ச்சியாளர்கள் தாய்ப்பாலை எடுத்துப் பார்க்கிறார்கள். ஒரு சமூகத்தின் உடம்பில் என்ன இருக்கிறது என்று அறிய அது ஒரு வழி, அவ்வளவுதான். அப்படிப் பார்த்தவர்கள் யாரும் நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதில் உலக சுகாதார நிறுவனம் மாறவே இல்லை. மாவுப்பாலைக் கலக்கத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? உரம் போட்ட வயலை ஒட்டின கிணற்றில் நைட்ரேட் இருந்தால் கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்கு அதனால் உடம்பு நீலம் பாரிக்கிற ஆபத்துகூட உண்டு. டி.டி.டி. தடை செய்யப்பட்ட நாடுகளில் அதன் அளவு தாய்ப்பாலில் வருஷத்துக்கு வருஷம் இறங்கியிருக்கிறது. ஆக, திருத்த வேண்டியது வயலை, உங்கள் மார்பை அல்ல. தைரியமாகக் கொடுங்கள்.

ஏழு வயது மகளுக்குப் புதுப் பல் எல்லாம் பழுப்புக் கோடாக முளைக்கிறது. பல் விளக்கவில்லை என்று பள்ளியில் திட்டினார்களாம். சின்னவனுக்கு எட்டு மாதம். தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன்.
— பென்னாகரம் வாசகி

அந்தப் பிள்ளையைத் திட்டினவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அது அழுக்கு இல்லை, ஃபுளோரைடு. பாறைக்குள் இருக்கும் தாது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்து வருகிறது, பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போதே எனாமலைக் கெடுக்கிறது, அதனால் முளைக்கும்போதே கறையோடு முளைக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. உங்கள் மாவட்டத்தில் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிற பெண்பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது நம் நாட்டு அளவு. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. 2013-ல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகத்தான் வந்தது. பல வீடுகளில் அந்தத் தண்ணீரைக் குடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு சோறும் பருப்பும் போர் தண்ணீரில் வேகவைக்கிறார்கள். அரிசி அந்தத் தண்ணீரை அப்படியே உறிஞ்சிவிடும், அதுவும் குடித்த கணக்குதான். சின்னவனின் கஞ்சி, கூழ், பருப்புத் தண்ணீர் எல்லாம் ஒகேனக்கல் தண்ணீரிலோ மழைநீரிலோ மட்டும் செய்யுங்கள், அவனுக்கு நிலைப்பற்கள் இப்போதுதான் உள்ளே உருவாகின்றன, அவனை முழுசாகக் காப்பாற்ற நேரம் இருக்கிறது. பாலும் கேழ்வரகும் நெல்லிக்காயும் இரண்டு பேருக்கும் கொடுங்கள், டீ வேண்டாம், டீத்தூளிலும் ஃபுளோரைடு உண்டு. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் உங்கள் போர் தண்ணீரைச் சோதித்து எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தெருக்குழாயில் தண்ணீர் வராத நாட்களையும் குறித்து வைத்து, கிராமசபையில் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். மகளின் பல்லுக்குப் பல் மருத்துவர் பிற்பாடு மேற்பூச்சுச் செய்யலாம், அவசரமில்லை.

கணவர் பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். மூன்று வயது மகனுக்கு ஓயாத வயிற்று வலி, மலச்சிக்கல், மண் தின்கிறான். பூச்சி மாத்திரை கொடுத்தும் கேட்கவில்லை. நான் நாலு மாதம்.
— கோவை மாவட்ட வாசகி

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றைக்கே நேரில் பதில் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். பையனுக்கு ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பாருங்கள், உங்களுக்கும் பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்றும் அதே நிறுவனம்தான் சொல்கிறது. பெரியவர்களைவிடக் குழந்தையின் குடல் நாலைந்து மடங்கு அதிகமாக ஈயத்தை இழுத்துக்கொள்ளும், மூளை வளர்கிற வயது, இழந்த புத்திக்கூர்மை திரும்ப வராது. செனகல் நாட்டில் டக்காருக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பில் பழைய பேட்டரி உருக்கினார்கள், பெண்கள் அந்த மண்ணைச் சலித்து ஈயம் பொறுக்கினார்கள், முதுகில் குழந்தைகள். 2007 கடைசியிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். முதலில் அங்கே யாருக்கும் காரணம் புரியவில்லை.

உங்கள் வீட்டுக்கு ஈயம் வருவது அவருடைய சட்டையிலும் தலைமுடியிலும் செருப்பிலும்தான். பட்டறையிலேயே குளித்து உடை மாற்றி வரச் சொல்லுங்கள். அதற்கு இடம் தர வேண்டியது முதலாளியின் பொறுப்பு, கெஞ்சிக் கேட்க வேண்டிய சலுகை இல்லை. முடியாத நாளில் வாசலிலேயே மாற்றட்டும், குளிக்கும்வரை பையனைத் தூக்கக் கூடாது, அந்த வேதனை எனக்குப் புரிகிறது, அப்பா வந்ததும் ஓடி வருகிற பிள்ளை. அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள், நீங்கள் அல்ல, அவரே. வீட்டைக் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். மண் தின்பது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவால், இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் வேகமாக இழுக்கும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, பால் இரண்டு பேருக்கும். உங்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பல வருஷமாக உங்கள் எலும்பில் சேர்ந்த ஈயம் கர்ப்பத்தில் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கரைந்து வெளியே வரும், குழந்தைக்குப் போகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற கால்சியம், இரும்பு மாத்திரைகளை ஒரு நாளும் விடாதீர்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் போடாமல் இடைவெளி விடுங்கள்.

மாடியில் காயப்போட்ட துணியில் சாம்பல் படிகிறது. இரண்டாவது பிள்ளைக்கு வீசிங். ஊரை விட்டே போய்விடுங்கள் என்கிறார்கள் உறவுக்காரர்கள். எங்கே போவது?
— எண்ணூர் வாசகி

போ என்று சொல்வது சுலபம். உங்கள் வீட்டுக்காரரின் படகும் உங்கள் அம்மா வீடும் அங்கேதான் இருக்கின்றன. நீங்கள் வந்த பிறகு ஆலை வந்ததா, ஆலை வந்த பிறகு நீங்கள் வந்தீர்களா என்று யாராவது கேட்டால் ஊர்ப் பெரியவர்களைக் கைகாட்டுங்கள்.

2023 டிசம்பர் உங்களுக்கு மறந்திருக்காது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆற்றில் எண்ணெய் வந்தது, அது வடிவதற்குள் 26-ம் தேதி நள்ளிரவில் உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெரியகுப்பம் மக்கள் இருட்டில் ஓடினார்கள். இனி அப்படி நாற்றம் வந்தால் ஈரத்துணியை மூக்கிலும் வாயிலும் வைத்துக்கொள்ளுங்கள், அம்மோனியா தண்ணீரில் கரையும். காற்று வீசுகிற திக்கிலேயே ஓடாமல் அதற்குக் குறுக்காக விலகிப் போங்கள். ராத்திரியில் எந்த வழி என்று பகலிலேயே பிள்ளைகளோடு ஒரு முறை நடந்து பாருங்கள்.

வீசிங்குக்கு இன்ஹேலர் கொடுத்திருந்தால் நிறுத்தாதீர்கள், அது பழக்கமாகிவிடும் என்பது தவறான எண்ணம், மாத்திரையைவிட மிகக் குறைந்த மருந்தை நேராக நுரையீரலுக்குக் கொடுப்பது அது. குழந்தை துணியை வீட்டுக்குள் காயப்போடுங்கள், தொட்டிலையும் ஜன்னல் விளிம்பையும் ஈரத்துணியால் துடையுங்கள். அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, காற்று எந்தப் பக்கம், சாம்பலா நாற்றமா, பிள்ளைக்கு மூச்சு எப்படி, எந்த மருந்து, இவ்வளவுதான், ஒரு வரி போதும். பக்கத்து வீட்டு அம்மாக்களும் எழுதட்டும். நம் நாட்டில் நுண்துகளுக்கு வருடச் சராசரி 40 மைக்ரோகிராம் வரை அனுமதி, உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 5. அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் உங்கள் பிள்ளை இருமிக்கொண்டிருக்கிறான், அதை அந்த நோட்டுதான் காட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் எழுதும்போது அதன் நகலை இணையுங்கள், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமும் ஒன்று கொடுங்கள். மூன்று மாதம் எழுதின பிறகு எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், நான் படிக்கிறேன்.